வீடு திரும்பிய ரத்தம்

கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், சங்கங்களின் இந்நாள் முன்னாள் தலைவர்களுக்கும், வாட்ஸ்அப் குழு நிர்வாகிகளுக்கும் இதனால் பணிவுடன் அறிவிப்பது: மக்கள் எழுச்சி மன்றத் தலைவர் டத்தோ பரமேஸ்வரன் மாசி மாத முகாமில் தானம் செய்த ரத்தம், அந்த வாரமே கோலாலம்பூர் ரத்த வங்கியை விட்டு வெளியேறி, கேஎல் சென்ட்ரலில் கமியூட்டர் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, வீடு வந்து சேர்ந்தது. பை கிழியவில்லை. கீழ் மூலைகள் இரண்டையும் ஊன்றி வாத்து மாதிரி நடந்து வந்ததாகப் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவர் சொன்னார். ஷா ஆலம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது என்றார் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன அம்மாள்.

டத்தோவின் மனைவி இராஜம்மா வாசலில் செருப்பு அலமாரி மேல் அதைப் பார்த்தார். "என்னங்க, உங்க ரத்தம் வந்திருக்கு" என்று பார்சல் வந்ததைச் சொல்வது போல உள்ளே குரல் கொடுத்துவிட்டு, அதை எடுத்து ஃபிரிட்ஜில் தேங்காய்ப்பாலுக்குப் பக்கத்தில் வைத்தார். ரத்த வங்கித் தாதி ஷஹானா வேனில் வந்து தொட்டுப் பார்த்தார். ஊரெல்லாம் வெயிலில் சுற்றியும் பை ஐஸ் போலக் குளிர்ந்தே இருந்தது; முத்திரை அப்படியே இருந்தது. கொண்டு போனார். மறுநாள் பை திரும்பி வந்தது. இப்படியே போக்கும் வரத்துமாக இருந்தது. மன்றம் சும்மா இருக்குமா? "தலைவரைப் பிரிய மறுக்கும் தங்க ரத்தம்" என்று லிட்டில் இந்தியா முனையில் பதாகை கட்டியது. பரிசோதனை முடிவையும் அதிலேயே பெரிய எழுத்தில் போட்டார்கள்: ஹெபடைட்டிஸ் பி இல்லை, சி இல்லை, எச்ஐவி இல்லை. மனிதனின் கல்லீரலுக்குப் பதாகை கட்டிய முதல் ஊர் கிள்ளானாகத்தான் இருக்கும்.

வேடிக்கை இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் டத்தோவின் ரத்தம் ஓ நெகட்டிவ். நம் நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டிய வகை. லிட்டில் இந்தியாவில் சேலைக்கடையில் நிற்கும் வாணிக்கும் அதே வகைதான். அவளுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய். மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அவளால் நிற்கவே முடியும். அந்த மாதம் கையிருப்பில் இருந்தது இந்த ஒரு பைதான். அது ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தது. வாணியின் உதடு வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவள் அப்பா நாகையா, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர், டத்தோ வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டத்தோ, உங்க ரத்தத்துக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது."

டத்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசை மேல் இருந்த பையை நோக்கி, சமுதாயக் கடமை பற்றி உரையாற்றினார். தமிழர் கொடைப் பண்பு என்ற இடம் வரும்போது பை மெதுவாக இறங்கி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நாகையா அதை வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாணியின் கட்டிலுக்குப் பத்தடி இருக்கும்போதே அது அவர் கையை உதறிக்கொண்டு குதித்து, லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றது. வாணி பார்த்தாள்.

"விடுங்கப்பா. வர மாட்டேன்னு அதுவே ஓடுதுலா. என்னமோ இருக்கு அதுல."

டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. சோதனையில் சுத்தமாக வந்த பையை, அது ஓடுகிறது என்பதற்காக வீணாக்க விதிமுறையில் இடமில்லை. மறுநாள் காலை பையைத் தொங்கவிடும் கம்பியோடு கட்டிப் போட்டாவது ஏற்றுவது என்று முடிவானது. ஷஹானாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அன்று மாலை அவர் டத்தோ வீட்டுக்கு வந்தார். நாகையாவும் கூட வந்தார்.

"டத்தோ, புதுசா தொத்தின கிருமி சில வாரத்துக்கு டெஸ்ட்ல சிக்காது. அதனாலதான் முகாம்ல வாய்விட்டுக் கேக்கறோம். பச்சை குத்தினீங்களா, காது குத்தினீங்களா, அலகு குத்தினீங்களான்னு. குத்தியிருந்தா பல மாசம் ரத்தம் எடுக்கவே மாட்டோம். நீங்க இல்லைன்னு சொன்னீங்க."

"இல்லைதான்" என்றார் டத்தோ. அதற்குள் மறுபடியும் வீடு வந்திருந்த பை சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

இராஜம்மா கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்தார். "தைப்பூசத்துக்குப் பத்துமலையில வேல் குத்திக்கிட்டு நின்னது உங்க ஆவியா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

விஷயம் இதுதான். அலகு குத்திக்கொள்கிறவர்கள் விரதமிருந்து, தங்களுக்கென்று புது வேல் வாங்கி, முறையாகச் செய்கிறார்கள். டத்தோவுக்கு விரதமுமில்லை, வேலுமில்லை. படக்காரர் மட்டும் தயாராக இருந்தார். வரிசையில் நிற்கவும் மனமில்லை. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த பக்தர் ஒருவர் காவடி இறக்கி, கன்னத்திலிருந்து உருவிய வெள்ளி வேல் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று டத்தோவுக்குத் தோன்றியது. கேட்டு வாங்கி, விபூதி போட்டுத் துடைத்து, தன் கன்னத்தில் ஏற்றச் சொன்னார். மூன்று வாரம் கழித்து முகாம். முதல் கட்டிலில் தலைவர் படுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். டாக்டர் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டில் போயிருக்கும்.

"விபூதி போட்டுத்தானே துடைச்சோம்..." என்று ஆரம்பித்த டத்தோ, நாகையாவின் முகத்தைப் பார்த்தார். நாகையா கத்தவில்லை. "நாளைக்குக் காலையில கட்டிப் போட்டு ஏத்தப் போறாங்க டத்தோ" என்று மட்டும் சொன்னார்.

டத்தோ கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, ஒலிபெருக்கி இல்லாமல் அவர் பேசி யாரும் கேட்டிராத குரலில், "ஆமாம்மா. இன்னொருத்தன் கன்னத்துல இருந்தத வாங்கித்தான் குத்திக்கிட்டேன்" என்றார். பை உடனே சுவரோரம் தளர்ந்து விழுந்து, எல்லாப் பையும் போல ஒரு பையானது. ஷஹானா அழிக்க வேண்டியவற்றோடு அதைச் சேர்த்தார். ஈப்போவில் யாரோ புதிதாகக் கொடுத்த ஓ நெகட்டிவ் பை, தானாக நடக்காமல், வேனில் வந்தது. அது வாணிக்கு ஏறியது. அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட நாசி லெமாக் கேட்டாள்.

சில வாரத்தில் டத்தோவின் கண் மஞ்சளானது. ஹெபடைட்டிஸ் பி. அந்த ஸ்ரீ கெம்பாங்கான் பக்தருக்கும் அதுவே இருந்தது. அவருக்கு அதுவரை தெரியாது. பதாகையை மழை நாளில் யாரோ அவிழ்த்து, சாத்தே கடைக்குக் கூரையாக்கினார்கள். அதற்குப் பிறகு ரத்தப்பை வீடு திரும்புவது இங்கே அவ்வப்போது நடக்கிறது. ஒன்று போர்ட் கிள்ளான் கடைசி ஸ்டேஷன் வரை போனது. கமியூட்டரில் ஆன்டிமார் கூடையை மடியில் எடுத்து வைத்து இடம் விடுகிறார்கள். வாசலில் பையைப் பார்த்தவர்கள் கூச்சல் போடுவதில்லை. உள்ளே போய் ரத்த வங்கிக்கு ஃபோன் செய்து, மறைத்ததைச் சொல்லிவிடுகிறார்கள்.

வாணிக்கு அடுத்த மாதமும் ரத்தம் வேண்டும்.