திம்மராயன் எடுத்த அதிகப் புள்ளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குருபரப்பள்ளி ஹைவே ஓரத்து டீக்கடையில். பக்கத்து மேஜையில் ஒரு பெண், "கேம்ல தப்பே இல்ல சார், அதான் எனக்குப் பிரச்சினை" என்றாள். எதிரே இருந்தவர் டீயைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. மிச்சம் முழுக்க என் சொந்தச் சரக்கு. நல்ல சரக்குதான், பயப்படாமல் வாருங்கள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

ஓசூரின் ஆலைக் கூரைகள் மேல் காலைப் பனி மெல்லப் படர்ந்து, சங்கொலியின்

(போதும். கதை நடப்பது இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி உருவம் கொடுக்கிற ஒரு பிரஸ் கம்பெனியின் கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஏது பனி? சாம்பார் ஆவிதான்.)

2

சௌமியா ஓசூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். கடைசி வருஷப் பிள்ளைகள் ஏதாவது ஒரு கம்பெனிக்கு உண்மையாகவே பயன்படுகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். கம்பெனி தனக்கு என்ன வேண்டும் என்று நிபந்தனை போடும். சௌமியா நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே நிறைவேறியது, நிறைவேறவில்லை என்று எழுதுவாள். கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த வருஷம் பாஸ் கிடையாது. சௌமியா நிறைவேறியது என்று எழுதினால் அது நிறைவேறித்தான் இருக்கும். அந்த விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது.

அவள் மாணவி, வேப்பனப்பள்ளிப் பெண் மெஹ்னாஸ் இந்த பிரஸ் கம்பெனிக்கு ஒரு கேம் செய்திருந்தாள். பிரஸ்ஸில் தகட்டை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் விரல் அச்சுக்குள் மாட்ட வழியில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வரத்தான் கேம். கீபோர்டின் இரண்டு ஓரத்தில் இரண்டு கீ, தகட்டை நகர்த்த மவுஸ்.

நிபந்தனைகள் நாலு. தமிழும் கன்னடமும் இருக்க வேண்டும். ஒரு டீ டைமுக்குள் ஆடி முடிக்க வேண்டும். ரத்தம் கூடாது. நாலாவது, விதிப்படி வேலை செய்கிறவருக்கே அதிகப் புள்ளி.

(மெஹ்னாஸை முதலில் அழுகிற பெண்ணாக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க அழுதாள். ஒரு பிரஸ்ஸையே கம்ப்யூட்டருக்குள் இறக்கியவள் எதற்கு அழ வேண்டும்? அடித்துவிட்டு, பெங்களூரில் அவளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தேன். பாஸ் ஆனால்தான் அந்த வேலை.)

3

முதல் மூன்றும் சுலபமாகத் தேறின. கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் அருள்ஜோசப்பே உட்கார்ந்து ஆடி, கன்னடத்துக்கு மாற்றிப் பார்த்து, தலையாட்டினார். அப்புறம் பழைய ஆபரேட்டர் திம்மராயனைக் கூப்பிட்டார்.

திம்மராயன் ஒரு தரம் விதிப்படி ஆடினார். சுமாரான புள்ளி. சாப்பிட வந்து சுற்றி நின்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் டீ கலக்குகிற மரக்குச்சியை ஒடித்து, இடது பக்கத்துக் கீயை அமுக்கி, அதன் சந்தில் சொருகினார். கீ அமுங்கியபடியே நின்றது. இடது கை மவுஸுக்குப் போய்விட்டது, வலது கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. திரையில் பிரஸ் மளமளவென்று இறங்கியது. அன்றைக்கு ஆடியவர்களில் அவர் புள்ளிதான் அதிகம். எல்லாரும் கை தட்டினார்கள்.

"என்னண்ணா பண்ணீங்க?" என்றாள் சௌமியா.

"ஏனில்ல, ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு கை கேக்குது. ஒண்ண இது பாத்துக்குது."

மெஹ்னாஸ் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷின்லயும் இப்படித்தானாண்ணா?"

"மெஷின்ல குச்சி நிக்காது பாப்பா. தகட்டுத் துண்டுதான்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் அருள்ஜோசப் இருப்பது அவருக்கு உறைத்தது. கை தட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தட்டு எடுக்கப் போய்விட்டார்கள்.

4

"நாலாவது நிறைவேறல சார்" என்றாள் சௌமியா.

"அரை மணி நேரம் குடுங்க மேடம்" என்றாள் மெஹ்னாஸ். "கீய விட்டு மறுபடி அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும்னு மாத்திடறேன்."

"கேம்ல மாத்திடுவ. மெஷின்ல?" என்றாள் சௌமியா.

அருள்ஜோசப் சௌமியாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மேடம், மாத்தினதும் நாலும் நிறைவேறிடுச்சுன்னு போடுங்க. சத்தியமா பொய் இல்ல. அந்தத் துண்டப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா கம்பெனி கேமே வேணாம்னு சொல்லிடும், பொண்ணு பாஸ் ஆகாது. திம்மராயன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் என்னையும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு ஷிஃப்டுக்கு இத்தன பீஸ்னு டார்கெட் போடறது நான் இல்ல மேடம்."

(இவரை வில்லனாக்க இரண்டு தரம் முயன்றேன். மசியவில்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான்.)

5

முடிவு ஒன்று. மெஹ்னாஸ் பாஸ். பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். எழுதி முடித்து, சந்தோஷமாகப் படித்துப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிற அந்தக் கடைசி வரியில், திம்மராயன் சட்டைப் பையிலிருந்து தகட்டுத் துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

முடிவு இரண்டு. சௌமியா உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். மெஹ்னாஸுக்கு அந்த வேலை போகிறது, திம்மராயனுக்கு இந்த வேலை. விரல்கள் மட்டும்

முடிவு மூன்று. ஒரு நாள் பிரஸ் இறங்கும்போது திம்மராயனின் இடது

(இல்லை. ஒரு விரலை எடுத்துக் கதைக்குக் கனம் சேர்ப்பது எனக்கு ஒரு வரி வேலை. அவருக்கு அது விரல்.)

6

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன். மெஹ்னாஸ் சொன்ன நேரத்துக்குள் மாற்றிவிட்டாள், கெட்டிக்காரி. திம்மராயன் மறுபடி குச்சி சொருகிப் பார்த்தார். பிரஸ் இறங்கவில்லை. "பரவால்ல, தேறிட்ட" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். நாலுக்கும் நேரே நிறைவேறியது என்று சௌமியா எழுதினாள். நாலும் உண்மை.

தாளின் அடியில் 'வேறு ஏதேனும்' என்று கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. தகட்டுத் துண்டைப் பற்றி எழுதுவதென்றால் அங்கேதான் எழுத வேண்டும். பேனா அங்கே நிற்கிறது. அருள்ஜோசப் பேனாவைப் பார்க்கிறார். மெஹ்னாஸ் சௌமியாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

இந்தக் கதை உங்களுக்காகச் செய்தது. என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேனாவை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

திம்மராயன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். பத்து விரலும் இருக்கிறது, எண்ணித்தான் ஒப்படைக்கிறேன். சாப்பிட்டதும் மெஷினுக்குப் போய்விடுவார்.