முத்திரை அறுபடாத கோட்டு

முதல் அடி விழுந்தபோது கோட்டுக்காரர் தம் கையிலிருந்த பழச்சாற்றுக் கோப்பையைத்தான் பார்த்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. அதன் பிறகே, அடி யார்மேல் விழுந்தது என்று தலையை நிமிர்த்தினார்.

மேசைகளுக்கு நடுவே அவருடைய மனைவியின் தம்பி குப்புறக் கிடந்தான். வார நாள்களில் பேருந்து ஓட்டுபவன். விடுமுறை நாள்களில் கால்பந்து நடுவர். அவன் விலாவில் ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தவன், இறுதிப் போட்டியில் அவனிடம் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய கோல்கீப்பர். அந்தப் போட்டிக்கான பரிசளிப்பு விருந்துதான் விளையாட்டு மன்றக் கூடத்தில் பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது.

"காட்டுடா இப்ப! எங்கடா அந்த அட்டை? காட்டுடா!" என்று கேள்விக்கொரு உதை விட்டான் கோல்கீப்பர்.

"பாக்கெட்லதான்டா இருக்கு," என்றான் கீழே கிடந்தவன், வாயெல்லாம் இரத்தமாக. "நீ காலை எடுத்தா எடுத்துக் காட்டுறேன்."

அந்தப் பதிலுக்கு உதை முகத்தில் விழுந்தது.

கோட்டுக்காரர் கோழையல்லர். பழைய கார் விற்கும் தரகர் அவர். வாய்த்தகராறு கைகலப்பாகும் சந்தையில் இருபது ஆண்டுகள் காலூன்றி நின்றவர். கைகள் உலக்கை போல இருக்கும். இந்தக் கோல்கீப்பரை இரண்டே எட்டில் போய்த் தூக்கி எறிந்திருக்கலாம். ஒரே ஒரு தடை இருந்தது. அவர் அணிந்திருந்த கோட்டு அவருடையது அன்று.

வாங்கியவர் அவர்தாம். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்காக வாங்கியது. நகரத்திலேயே விலை உயர்ந்த அந்தக் கடையில் ஒவ்வோர் ஆடையின் கைப்பகுதியிலும் நூலில் கோத்த சிறு வட்ட முத்திரை ஒன்று தொங்கும். முத்திரை அறுபடாமலும் துணியில் கறை படாமலும் கொண்டு வந்தால், காரணம் கேளாமல் எடுத்துக்கொள்வார்கள். பெரிய மனிதர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் அவர் இப்படித்தான் முத்திரையைக் கைக்குள் மடித்து மறைத்துக்கொண்டு போவார். விருந்து முடிந்த மறுநாள் ஆடை கடைக்குத் திரும்பிவிடும். ஒரு முறை அணிந்ததை மறுமுறை அணியாததால் வந்த பட்டப்பெயர்தான் கோட்டுக்காரர்.

அன்று காலை காரில் வரும்போதுகூட அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஏங்க, நாம போட்டு வேர்த்ததைப் புதுசுன்னு இன்னொருத்தர் தலையில கட்டுறோமே, உங்களுக்கு உறுத்தவே உறுத்தாதா?" என்று கேட்டாள் மனைவி.

"எங்க வேர்த்துச்சு? கக்கத்துல பஞ்சு வச்சிருக்கேன்."

பின்னிருக்கையிலிருந்து மைத்துனன் தலையை நீட்டினான். "மாமா, இது அப்பட்டமான ஆஃப்சைடு. கொடியத் தூக்கியாச்சு."

"பத்து மடங்கு விலை ஒட்டுறானே கடைக்காரன், அவனுக்கு எப்படா விசில் ஊதுவ?"

"அவன் ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிடல மாமா. உங்க ஆட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. என்ன பண்ண, சொந்தக்காரனாப் போயிட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கோட்டோடுதான் இப்போது அவர் நின்றார். கோப்பையை மேசையில் ஓரமாக வைத்தார். பொத்தான்களைக் கழற்றலானார். புதுக் கோட்டின் பொத்தான் துளைகள் இறுக்கமாக இருந்தன. அவசரப்பட்டால் நூல் பிரிந்துவிடும். ஒவ்வொன்றாக, பக்குவமாக விடுவித்தார். வலக்கையை உருவினார். முத்திரை சிக்கிக்கொள்ளாமல் இடக்கையை உருவினார். கோட்டை உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து, பக்கத்திலிருந்த நாற்காலி ஒன்றின்மேல் வைத்து, காலரைத் தடவி நேராக்கினார்.

ஓட்டில் கீறல் விழுமே என்று அஞ்சி, அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு நரியோடு சண்டைக்குப் போனதாம் ஓர் ஆமை என்று கதை சொன்னால், குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்தக் கூடத்தில் சிரிக்க யாருக்கும் நேரம் இல்லை. காலரின் மேல் அவர் கை இருந்தபோதுதான் கண்ணாடி உடையும் ஓசை கேட்டது. அடுத்து வந்தது மைத்துனனின் அலறல்.

திரும்பிப் பார்த்தார். கோல்கீப்பரின் கையில் கழுத்து மட்டும் மிஞ்சிய பாட்டில் இருந்தது. முகத்தை மறைக்க மைத்துனன் தூக்கிய வலக்கையில், முழங்கையின் உட்புறச் சதை வாய் பிளந்திருந்தது. இரத்தம் ஒழுகவில்லை, நெஞ்சு துடிக்கத் துடிக்கப் பீறிட்டது.

அதன் பிறகு கோட்டுக்காரர் செய்ததைப் பார்த்தவர்கள் அவரைக் கோழை என்று சொல்லமாட்டார்கள். பாய்ந்து போய்க் கோல்கீப்பரின் தலைமுடியைப் பற்றி, முகத்தை மேசை விளிம்பில் மோதினார். மறுபடி மோதினார். பற்கள் தட்டுகளுக்கிடையே சிதறின. பாட்டில் பிடித்திருந்த கையை முதுகுப்புறம் முறுக்கினார்; தோள் கழன்ற ஓசை கடைசி வரிசை வரை கேட்டது. அவனுடைய கூட்டாளி நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு நொறுங்கியது. அவர் அதை வாங்கிக்கொண்டே அவன் வயிற்றில் குத்தி, மடங்கியவனை முழங்காலால் இடித்தார். அவரைப் பிய்த்து இழுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். வெள்ளைச் சட்டையில் வெள்ளை எஞ்சியிருக்கவில்லை.

தரையில் மனைவி தம்பியின் தலையை மடியில் கிடத்தியிருந்தாள். காயத்தை இறுக்கிய அவள் விரல்களுக்கிடையே இரத்தம் பொங்கியது.

"துணி! யாராவது துணி குடுங்க!"

யாரும் அசையவில்லை. எட்டிய தூரத்தில் ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு கோட்டும் இருந்தன. அவள் இரத்தம் படாத இடக்கையை நீட்டி அதன் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள்.

அவருடைய மூளைக்குத் தெரியும் முன்பே அவருடைய இடக்கை, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கோட்டின் மறுகையைப் பற்றிவிட்டது.

"அது வேண்டாம்! நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்!"

கூடம் முழுவதும் அந்தச் சொற்களைக் கேட்டது. இழுத்த இழுப்பில் முத்திரை வெளியே வந்து, இருவர் கைகளுக்கும் நடுவே ஆடியது.

மனைவி கோட்டை விட்டாள். எழுந்து, இரத்தம் சொட்டும் கையால் அவருடைய நொறுங்கிய மூக்கின் மேலேயே அறைந்தாள்.

"வச்சுக்க," என்றாள். மணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியறியாதவள்.

பிறகு விருந்து மேசையின் விரிப்பை உருவினாள். தட்டுகளும் கோப்பைகளும் தரையில் விழுந்து சிதறின. அந்த விரிப்புதான் தம்பியின் கையைச் சுற்றியது. கோட்டுக்காரர் மூக்கிலிருந்து இரத்தம் கொட்ட நின்றார். அப்போதும் அவருடைய இடக்கை, துளி தெறிக்காத தூரத்தில், கோட்டை நீட்டிப் பிடித்தபடியே இருந்தது.

உயிர் தப்பியது. ஆனால் முழங்கையில் நரம்பு ஒன்று அறுந்திருந்தது. இரண்டு விரல்கள் இனி மடங்குமா என்பது சந்தேகம், பேருந்து ஓட்டுவது அதைவிடச் சந்தேகம் என்றார் மருத்துவர்.

"கொஞ்சம் முன்னாடி துணி கட்டியிருந்தா விரல் பிழைச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டார் கோட்டுக்காரர், மூக்கில் கட்டோடு.

"துணி கட்டுறதுக்கும் நரம்புக்கும் சம்பந்தம் இல்லைங்க. குத்துறதுக்கு முன்னாடி யாராவது தடுத்திருந்தா உண்டு."

கட்டிலில் கிடந்தவன் வீங்கிய கண்ணைப் பாதி திறந்தான்.

"மாமா, கோட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கேலியா, குத்தலா, உண்மையான விசாரிப்பா என்று அவருக்கு விளங்கவில்லை. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைக்குப் போனார். திரும்பி வரும் ஆடைகளைப் பார்க்கும் பெண் கோட்டை விளக்கின்கீழ் விரித்தாள். காலரைப் புரட்டினாள், கக்கத்தை முகர்ந்தாள், முத்திரையை நிமிண்டிப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுக் கறை இல்ல சார். புதுசு மாதிரியே இருக்கு."

அந்தக் கூடத்தில் இரத்தம் படாமல் வெளியே வந்த பொருள் அது ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய சட்டை, மனைவியின் உடை, விரிப்பு, தரை எல்லாம் சிவந்தன. இதை மட்டும் அவர் காப்பாற்றியிருந்தார்.

"போட்டதும்மா இது," என்றார். "இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாமும் போட்டதுதான்."

அவள் அவருடைய கறுத்த கண்களையும் கட்டுப் போட்ட மூக்கையும் ஒரு பார்வை பார்த்தாள். "நான் அதைக் கேக்கவே இல்லையே சார். முத்திரை இருக்கு, கறை இல்ல. நாங்க எடுத்துக்குறோம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அந்த மன்னிப்பு அறையைவிட வலித்தது. கோட்டைப் பறித்தார். முத்திரை நூலைப் பல்லில் கடித்து இழுத்தார். உறுதியான நூல்; பல்லீறை அறுத்துக்கொண்டுதான் அறுந்தது.

"சார்! என்ன பண்றீங்க? இனி இதை எடுக்க மாட்டோம்!"

"தெரியும்மா."

அணிந்துகொண்டார். உதட்டிலிருந்து வழிந்த இரத்தம் காலரில் முதல் கறையாக இறங்கியது.

மருத்துவமனையில் மைத்துனனுக்கு மனைவி சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலருகே வந்து நின்றார். மைத்துனனின் கண் நேரே அவருடைய இடக்கைக்குப் போனது.

"முத்திரை எங்க மாமா?"

"அறுத்துட்டேன்."

"அப்ப இது உங்களுதா?"

"என்னுதுதான்."

"கைய நீட்டுங்க."

அவர் நீட்டினார். மைத்துனன் இடக்கையால் கோட்டின் கையைப் பிடித்திழுத்து, வாயோரத்தில் வழிந்த சூப்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை நிதானமாகத் துடைத்தான். தாடையையும் துடைத்தான். கோட்டுக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நல்ல துணிக்கா," என்றான். "சூப்பராத் தொடைக்குது."

மனைவி சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, ஈரமான அந்தத் துணியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா உறிஞ்சுது," என்றாள். "அன்னைக்கும் உறிஞ்சியிருக்கும்."