தட்டில் விழாத வசனம்

1932 கோடையில் கெய்ரோவில் ஓர் ஒலிப்பதிவு இயந்திரம் பொய்யைப் பதிவு செய்ய மறுத்தது. எடுத்துக்கொண்டிருந்தது, கணவனுக்குத் துரோகம் செய்யும் மனைவியைப் பற்றிய பேசும் படம். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்து, இரைச்சல் கேட்குமென்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, நடிகர்கள் வியர்த்து வழிய வசனம் பேசினார்கள். மெழுகுத் தட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை. படத்தில் கணவனாக நடித்த கிழவர் "காப்பி ஆறிப்போச்சு" என்றது மட்டும் கணீரென்று விழுந்திருந்தது. காப்பி நிஜமாகவே ஆறிப்போயிருந்தது. கதாநாயகன் ஃபக்ரி "பசிக்குது" என்றதும் விழுந்தது. அந்த ஆளுக்கு எப்போதும் பசிதான். மிச்ச வசனத்தை ஊமைப்படம் மாதிரி அட்டையில் எழுதிக் காட்டிவிடலாம் என்று முதலாளி மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒலிப்பதிவாளன் நகீபுக்கு மூன்றாம் நாளே சூட்சுமம் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கதாநாயகி பஹீஜா அவன் மனைவி. இரண்டு மாதமாக வீட்டில் அவளிடம் பேச்சே இல்லை. ஃபக்ரியின் பெயரை எடுத்தால் மட்டும் அவள் முகம் வெளிறியது. வியாழக்கிழமை காதல் காட்சி. வசனம் விழ வேண்டுமே என்று எல்லாரும் வேண்டிக்கொண்டிருக்க, விழுந்துவிடக் கூடாதே என்று ஒலிப்பதிவுக் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். இயந்திரம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரிந்துகொண்டே தீர வேண்டுமென்ற வெறி அவனுக்கு.

"உன்னைத்தான் மனசார நேசிக்கிறேன்" என்றாள் பஹீஜா.

"நானும்தான்" என்றான் ஃபக்ரி.

தட்டைப் போட்டார்கள். பஹீஜாவின் குரல், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி முழுசாக விழுந்திருந்தது. "விழுந்துடுச்சுடா!" என்று டைரக்டர் நகீபையே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். அந்தக் கூச்சலில், அடுத்து ஊசி வெறுமனே தேய்ந்து ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. ஃபக்ரியின் பதில் தட்டில் இல்லை. நகீபுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக அவளை நினைத்து அழுகை வந்தது. எல்லாரும் மொச்சையும் ரொட்டியும் சாப்பிடப் போன நேரத்தில், பூச்சாடியருகே குனிந்து, "நானும்தான்" என்று அவனே சொன்னான். முதல் தடவையிலேயே விழுந்தது.

படம் வெளியான அன்று ஃபக்ரியின் வாயிலிருந்து நகீபின் குரல் வந்தது. "ஹீரோவுக்கு ஜலதோஷம்டோய்!" என்று எவனோ கத்த, கொட்டகை சிரித்தது. பஹீஜா சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த நகீபிடம் மெல்லக் கேட்டாள்.

"அவனோடது விழலையா?"

"விழலை. நிஜமாச் சொன்னாத்தான் அதுல விழும்."

"என்னால இப்போ அந்த வசனத்தை உனக்குச் சொல்ல முடியாது, நகீப்."

"தெரியும்."

அந்த மாதமே ஃபக்ரி அலெக்சாந்திரியாவுக்குப் போய்விட்டான். பஹீஜா வீட்டைவிட்டுப் போகவில்லை. வியாழன்தோறும் மதியம் ஸ்டுடியோவுக்கு வந்து, மைக் முன்னால் நின்று, கூண்டுக்குள் இருக்கும் கணவனைப் பார்த்து அதே வசனத்தைச் சொல்வாள். அவன் தட்டைப் போடுவான். ஒன்றும் இருக்காது. இருவரும் வீட்டுக்குப் போவார்கள். முதலில் கேலி செய்த, செட் போடும் தச்சர்கள், பிறகு அந்த ஒரு நிமிடம் சுத்தியலைக் கீழே வைக்கப் பழகிக்கொண்டார்கள். நான்காம் வருடம் ஒரு வியாழக்கிழமை, லேசான கரகரப்போடு குரல் விழுந்தது.

"விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டான் ஏணிமேல் நின்ற தச்சன்.

நகீப் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்போ நாங்க ஆணி அடிக்கலாமா?"

"அடிங்கப்பா" என்றாள் பஹீஜா.