கைக்கு எட்டாத நட்டு

லிண்ட்சேயின் கால்கள் இரண்டும் என் கைகளில் இருந்தன. மற்றபடி முழு ஆளும் படகின் பின்பக்கப் பெட்டிக்குள், இன்ஜினுக்கும் பின்னால், தலைகீழாகக் கிடந்தார்.

எங்கள் ‘ஃபெர்ன்’ பழைய பாய்மரப் படகு. முதலில் இன்ஜினை வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் படகையே கட்டியிருக்கிறார்கள் என்று லிண்ட்சே திட்டுவார். இன்ஜினிலிருந்து, படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு, படகைத் துளைத்துக் கடலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பெரிய பித்தளை நட்டு உண்டு. அதற்குள் மெழுகு தோய்த்த கயிறு சுற்றியிருக்கும். கயிறு தேய்ந்தால் நட்டை இறுக்க வேண்டும். முழுக்க இறுக்கிவிடவும் கூடாது. கொஞ்சம் தண்ணீர் சொட்டினால்தான் தண்டு சூடாகாது. வருடா வருடம் அவர்தான் அதைச் செய்தார். அவ்வளவு நீளக் கை எங்கள் துறைமுக ஊரான சிக்னெட்டில் வேறு யாருக்கும் இல்லை.

எங்கள் பக்கம் குளிர் தொடங்கும் அந்த மே மாதம் அது சொட்டவில்லை, ஒழுகியது. எங்கள் குடித்தனமே அந்தப் படகில்தான்; வேறு வீடு கிடையாது. தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓயாமல் ஓடியது. சூரியத் தகட்டுக்கு வெயிலே இல்லாததால் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. லிண்ட்சேயின் நுரையீரலில் பாதி ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் இருந்தது.

“எட்டுச்சா?”

“எட்டாம? நானும் அதுவும் பழைய சிநேகிதங்க. ஸ்பேனரைக் குடு.”

“உன் கால்தான் என் ரெண்டு கையிலயும் இருக்கு. எதால குடுக்கறது?”

“பல்லால குடு, கிழவி.”

ஒரு காலை விட்டு ஸ்பேனரை நீட்டினேன். அவர் சிரித்தது இருமலாயிற்று. பிறகு அடியில் எங்கோ இரும்பு விழுந்த சத்தம்.

“லிண்ட்ஸ்?”

“இழு.”

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. இழுத்தேன். தோள் சிக்கியது. பெல்ட்டைப் பிடித்து இழுத்ததில் ஸ்வெட்டர் சுருண்டு மேலேறி முதுகு தெரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

“நட்டு மேல தப்பில்ல,” என்றார் வெகு நேரம் கழித்து. “எனக்குத்தான் மூச்சு இல்ல.”

நான் இறங்கிப் பார்த்தேன். கன்னத்தை இன்ஜினோடு அழுத்திக் கையை நீட்டினால், விரல் நுனிக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அளவு தூரம். அந்தத் தூரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

படகுப் பட்டறை ஷோனா வந்து பார்த்தாள். “இன்ஜினைத் தூக்கினாத்தான் இதுக்கு வழி. மெக்கானிக் லீவு முடிஞ்சுதான் வருவான். அதுவரைக்கும் கரையில ஏத்திடறேன். கரையில யாரும் முழுகினதா நான் கேள்விப்பட்டதில்ல.”

“உன் பட்டறையில எதுவும் நடக்கும்,” என்றார் லிண்ட்சே.

ஃபெர்னைக் கிரேனில் தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பம்ப் ஓய்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

பிறகுதான் ஷோனா ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தாள். வாழ்நாள் முழுக்கப் படகுகளோடு கிடந்த நாங்கள் மூன்று பேரும் அந்த ஏணியை நினைக்கவே இல்லை. படகு தண்ணீரில் நிற்கும்போது எட்டி ஒரு அடி வைத்து ஏறுகிற தளம், கரையில் கூரை உயரத்தில் இருக்கும். லிண்ட்சே இரண்டு படி ஏறினார். நின்றார். இறங்கினார்.

“நீ போ. நான் இங்கயே டீ குடிக்கறேன்.”

ஷோனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அன்றிரவே அவரை ஊருக்குள் என் தங்கை வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிப் போனேன். ஆகஸ்டில் இறந்துபோனார். ஃபெர்னுக்குள் மறுபடி கால் வைக்கவே இல்லை.

ஆனால் அன்று மாலை கிளம்புவதற்கு முன், இன்னொரு தடவை முயன்று பார்க்கச் சொன்னார். நான் பெட்டிக்குள் இறங்கினேன். அவர் கீழே, படகின் வால்பக்கம், விசிறிக்கு அருகில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அவர் குரல் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“தெரியுதா?”

“தெரியுது.”

“எட்டுதா?”

“எட்டல.”

பிறகு என் முகத்துக்கு நேரே தண்டு மெல்லச் சுற்றத் தொடங்கியது. வெளியே அவர் விசிறியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“சுத்துதா?”

“சுத்துது.”

“இடிக்காமச் சுத்துதா?”

“நல்லாச் சுத்துது, லிண்ட்ஸ்.”

அவர் நிறுத்தவில்லை. நானும் கையை நீட்டியபடியே கிடந்தேன்.