மில்லுக்கு வெட்டிய கெடா

தர்மபுரி பஸ் வருவதற்கு முன்பே தீர்த்தம்மாளின் மனசு பஸ் ஏறிப் போய்விட்டது. விடியுமுன் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டி, புருஷன் மாயவனுக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். டீக்கடைக்காரன் அப்போதுதான் பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"கேஸுக்குப் போறோம்!" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. கேஸ் என்றால் முக்காடு போட்டுக்கொண்டு போகிற ஊர் அது. திருவிழாவுக்குப் போவது போலப் போனவள் இவள் ஒருத்திதான். மாயவன்தான் பாவம், வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

அவன் நஞ்சப்பனின் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். போன ஆவணியில் ஒரு புளியங்கட்டையை வட்ட ரம்பத்துக்குள் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரோ எந்தக் காலத்திலோ பேயைப் பிடித்து மரத்தில் அறைந்த ஆணி உள்ளே புதைந்து கிடந்திருக்கிறது. ஆணியில் ரம்பம் பட்டதும் கட்டை துள்ளியது. கட்டைவிரலைத் தவிர வலது கையில் மற்ற விரல்களெல்லாம் போய்விட்டன. பேய் ஓடியதா இல்லையா, யாருக்குத் தெரியும்?

நஷ்டஈடு கேட்டுப் போனபோது நஞ்சப்பன் ஒரே போடாகப் போட்டார். "அன்னிக்கு அவன் மில்லுக்கே வரல. சாராயத்தக் குடிச்சிட்டு மாட்டுவண்டிச் சக்கரத்துல கையக் குடுத்துக்கிட்டான்." ஆஸ்பத்திரியில் சேர்த்த மில் மேஸ்திரியும் அப்படியே சொல்லி எழுத வைத்திருந்தான். கள்ளைக்கூட மோந்து பார்க்காத மனுஷன் மாயவன். கை போன துக்கத்தைவிட அந்தக் குடிகாரப் பட்டம்தான் தீர்த்தம்மாளின் வயிற்றில் நெருப்பாய்க் கிடந்தது. அன்றிலிருந்து அவன் தெருவில் தலைகாட்டுவதில்லை. கேஸ் தோற்றால் ஜென்மத்துக்கும் அவன் குடிகாரன்தான்.

அதனால்தான் கவுஸ் பாஷாவிடம் போனாள். வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தொழிலாளர் சங்கத்து ஆள். கடையில் ரிப்பேருக்கு வந்த வாட்சைவிட வந்த வம்பு அதிகம் என்று அவர் பெண்சாதி சொல்வாள். அவர்தான் சேலத்துக்கு மனு போட்டார். தொழிலாளர் அதிகாரி இன்றைக்குத் தர்மபுரிக்கே கேம்ப் வந்து விசாரிக்கிறார்.

"பச்சியப்பன் வரேன்னு சொல்லிட்டான் தங்கச்சி. கட்டையோட மறுமுனையப் புடிச்சிருந்தவன் அவன்தானே? அவன் வாயத் தொறந்தா நஞ்சப்பன் வாய மூடிக்கணும்" என்றார் பஸ்ஸில்.

"கெடா வெட்டுனதையும் சொல்லுங்கண்ணா."

அவர் சிரித்தார். "கெடா வெட்டுனது சாட்சியாகுமா? வருசா வருசம் முனியப்பனுக்கு வெட்டுறேன்னுடுவாரு."

கெடா சமாச்சாரம் இதுதான். நஞ்சப்பன் வீட்டில் தாத்தா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. அறுவையில் ஆளுக்கு அடிபட்டால் மில்லில் கெடா வெட்டி, தலையை முதலாளியே கொண்டுபோய், "எடுத்ததுக்கு ஈடு" என்று சொல்லி அடிபட்டவன் வீட்டில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை வாங்கித் தின்றால்தான் காவு செல்லும். இல்லையென்றால் ரம்பம் முதலாளி வீட்டிலேயே அடுத்த ஆளைத் தேடுமாம். மாயவனுக்கு அடிபட்டதற்கு அடுத்த அமாவாசையன்று நஞ்சப்பனும் முறை தவறாமல் செய்தார். சர்க்கார் கேட்டால் பொய், சாமி கேட்டால் மெய். அவர் கணக்கு அப்படி.

கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் காத்திருந்தபோது நஞ்சப்பனின் ஜீப் வந்து நின்றது. முன்னால் முதலாளி இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியவன் பச்சியப்பன். தீர்த்தம்மாளைப் பார்த்ததும் அவன் பார்வையைச் செருப்புக்குக் கொண்டுபோனான்.

உள்ளே அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் ஒண்ணும் பாக்கலீங்க."

நஞ்சப்பன் நெற்றி நிறைய விபூதியும் மணிக்கட்டில் முனியப்பன் கோயில் கறுப்புக் கயிறுமாக நின்று, மாட்டுவண்டிக் கதையை வரி பிசகாமல் ஒப்பித்தார். "என் மில்லுல ஒரு சொட்டு ரத்தம் சிந்துனதில்லீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வேற சாட்சி இருக்கா? இல்லன்னா இன்னைக்கே முடிச்சிட வேண்டியதுதான்."

கவுஸ் பாஷா மனுக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தீர்த்தம்மாளுக்குக் காது இரண்டும் ஜிவ்வென்று சூடேறியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ அந்தக் கறுப்புக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பனின் ஒரே மகன் தை மாசத்திலிருந்து ரம்பத்தில் வேலைக்கு நிற்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்! எழுந்துவிட்டாள்.

"அய்யா, மொதலாளிகிட்ட ஒண்ணு கேக்கணுங்க. ஊருல எல்லாருக்கும் கறி போட்டாரு. எங்களுக்குச் சேர வேண்டிய தலைய மட்டும் ஏன் குடுக்கல?"

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னம்மா தலை?"

"கெடாத் தலைங்க. எங்க வூட்டுக்கு வரவே இல்லீங்க."

நஞ்சப்பனின் முகத்தில் விபூதி மட்டும்தான் மிஞ்சியது. "வரலயா? என்னடி பேசற? வரலயா?" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "என் கையால கொண்டாந்து குடுத்தனே! மஞ்சத் தடவி, எலையில மூடி, உன் வூட்டு வாசல்ல நின்னு குடுத்தனே! நீ முந்தானையில வாங்கல? மிஷினு எடுத்ததுக்கு ஈடுன்னு மூணு வாட்டி சொன்னனே! முனியப்பன் சத்தியமா குடுத்தேன் சார்!"

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உட்காருங்க" என்றார் அதிகாரி நிதானமாக. "எந்த மிஷின் எடுத்தது? எதை எடுத்தது?"

நஞ்சப்பன் உட்கார்ந்தார். அப்போது பார்த்துப் பச்சியப்பனுக்கு ரோஷம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் நீச்சல் கற்றுக்கொள்பவன் மாதிரி. "நாந்தான் மறுமுனையப் புடிச்சிருந்தனுங்க. ஆணிங்க. குடிக்கவே இல்லீங்க அவன்" என்று அழுதுவிட்டான்.

அதிகாரி தீர்த்தம்மாள் பக்கம் திரும்பினார். "அப்போ தலை வந்துச்சு. நீ சொன்னது பொய்யாம்மா?"

"ஆமாங்க, வந்துச்சு" என்றாள், கூசாமல். "அவரு மூச்சு வுடாம பொய் சொன்னாருங்க. நான் ஒண்ணே ஒண்ணுதானுங்க."

அவர் குனிந்து எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் அவ்வளவு குனிந்தார் என்று கவுஸ் பாஷா பிற்பாடு அடித்துச் சொன்னார். நிமிர்ந்ததும் அதிகாரி சொன்னார்: "மில் வேலையில நடந்த விபத்துதான். ஈடு குடுத்தாகணும். உத்தரவு வரும்."

வெளியே வந்ததும் கவுஸ் பாஷா குதித்தார். வயசுக்குத் தகாத குதி. "தங்கச்சி! வக்கீல் தோத்தான் போ!" தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூரைமேல் ஏறி நின்று "என் புருசன் குடிகாரன் இல்ல" என்று கத்த வேண்டும் போல் இருந்தது. உடம்பெல்லாம் சந்தோஷம், நிற்க முடியவில்லை.

ஜீப்பருகே போன நஞ்சப்பன் ஏறாமல் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"பணம் போவுது, போவட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு தாயி. அந்தத் தலையத் தின்னீங்களா, வீசிப்புட்டீங்களா? பையன் ரம்பத்துல நிக்கிறான்."

தெருநாய் தின்றது என்று சொல்லிவிட அவள் நாக்கு துடித்தது. ஒரு ராத்திரியாவது தூங்காமல் கிடக்கட்டுமே! ஆனால் காலையிலிருந்து கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த மாயவன் முந்திக்கொண்டான்.

"தின்னேன் மொதலாளி. பயப்படாதீங்க. கையில கட்டுப் பிரிக்காத நேரம், இவதான் ஊட்டி வுட்டா."

நஞ்சப்பன் அப்போதுதான் அந்தத் துண்டைப் பார்த்தார். திரும்பிப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாயவன் உட்கார்ந்ததும் துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, வலது கையை ஜன்னல் கம்பிமேல் எல்லோரும் பார்க்க வைத்துக்கொண்டான். பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் துண்டு அவள் மடியில்தான் இருந்தது.