அப்பா படத்தின் மேல் கலர் காகிதம்

அக்கா புருஷன் நடத்தும் நிறுவனத்தில் எனக்கு 'தூசி மேடம்' என்று பெயர். இணையதளங்களில் பனி கொட்டுவது, நட்சத்திரம் மினுக்குவது, குமிழி மிதப்பது எல்லாம் என் கைவேலை. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எழுதி மாளாமல், எல்லாவற்றையும் எல்லாத் தளங்களும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஒரே நிரல் துண்டாக, கம்போனென்டாக, செய்து வைத்தேன். எந்தப் பக்கத்திலும் ஒரு வரி செருகினால் போதும். பனியா குமிழியா என்று அந்த வரியிலேயே சொல்லிவிடலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் மங்கலான வெளிச்சப் புள்ளிகள் கீழேயிருந்து மெல்ல எழும்பும். பல் டாக்டர், மெத்தைக் கடை என்று எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒன்றும் சொல்லாத ஆட்கள்தான்.

அப்பாவுக்காக நான் செய்த நினைவுப் பக்கத்திலும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் புள்ளிகள்தான்.

அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவோடு சண்டை போட்டுத் தனி வீடு பார்த்துப் போனவள் நான். சமாதானம் ஆவதற்குள் அவர் போய்விட்டார். அதை அம்மா மன்னிக்கவில்லை. அக்காவின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா மேல அந்த வெளிச்சம் போகுதே, நல்லா இருக்குடி. நினைவு நாளன்னிக்கு டிவில பெருசா போடுறியா?"

போடுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன், வேறென்ன செய்வது.

நினைவு நாளுக்கு முந்தின நாள் விடுப்பு எடுத்து, அம்மா வீட்டு டிவியில் எல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று போட்டுப் பார்த்தேன். தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அத்தானிடமிருந்து போன்.

"செருப்புக் கடைக்காரர் குதிக்கிறார். நாளைக்குத் திறப்பாம். கலர் காகிதம் வெடிச்சுக் கொட்டணுமாம்."

"அவங்க பக்கத்துல இருக்கிற வரியில மட்டும் காகிதம்னு எழுதுங்க அத்தான். கம்போனென்டுக்குள்ள கை வெச்சிடாதீங்க."

"எனக்கே பாடமா? நீ ரெட்டைச் சடை போட்டுட்டு ஸ்கூல் போறப்பவே நான் கோடிங் எழுதினவன்மா."

பெரிய இவர்! கடைப் பக்கத்தில் அந்த வரியைத் தேடச் சோம்பல்பட்டு, கம்போனென்டையே திறந்து, ஒன்றும் சொல்லாவிட்டால் காகிதம் என்று மாற்றிவிட்டார். கடையில் காகிதம் கொட்டியது. அவருக்கு வேலை முடிந்தது.

மறுநாள் கூடம் நிறைய சொந்தக்காரர்கள். வர முடியாத சித்தப்பாவும் அத்தைகளும் அவரவர் ஊரில் போனைத் திறந்து வைத்திருந்தார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தைத் திறந்தேன்.

டிவியின் இரண்டு மூலையிலிருந்தும் காகிதம் வெடித்துக் கிளம்பியது. ரோஸ், மஞ்சள், பச்சை. அப்பாவின் கண்ணாடி மேலும் மீசை மேலும் சுழன்று சுழன்று விழுந்தது. முடிந்தது என்று நினைத்தால் மறுபடி வெடித்தது. பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். "அடக் கடவுளே," என்றார் பெரியம்மா. நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவர் போனதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமாடி?"

அத்தனை பேர் முன்னால். அத்தான் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். வாயைத் திறக்கவேண்டுமே, மனுஷன்! கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் பேச வாயெடுப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"இப்ப எதுவும் சொல்லிடாதடி. இத்தனை பேர் முன்னாடி அவர் மானம் போயிடும்."

"என் மானம் போனா பரவாயில்லையா?"

அவள் காபித் தம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

நான் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து, அங்கேயே நின்றபடி அத்தான் செய்ததைப் பழையபடி மாற்றினேன். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கூட்டம் கலையும் வரை ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அத்தான் உள்ளறையில் போய்ப் படுத்தார். அம்மா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். நானும் கூடப் போய் மடக்கினேன்.

"அம்மா, அதை மாத்தினது நான் இல்ல. அத்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்கக்கா மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏம்மா என்னை அப்படிக் கேட்ட?"

"முதல்ல நீதான்னு நெனைச்சுக் கேட்டுட்டேன். கேட்டது கேட்டதுதான். அதுக்காக மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வெச்சு விசாரிக்க முடியுமா? பெத்த பொண்ணு நீ, தாங்கிக்க."

ஆனாலும் கேட்டேன், வெட்கம் கெட்டவள்.

"சரி பண்ணிட்டேம்மா. பழைய வெளிச்சமே வந்துடுச்சு. இப்ப போடட்டுமா? நாம ரெண்டு பேர் மட்டும் பாக்கலாம்."

அம்மா உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. மாப்பிள்ளை எழுந்து வந்து பாத்தா சங்கடப்படுவார்."