பெரிய எழுத்தில் ஒரு நீங்கள்

ஆங்கிலம் வசதியான மொழி. ஒரே ஒரு ‘யூ’வை வைத்துக்கொண்டு ராஜாவிடமும் பேசலாம், நாய்க்குட்டியையும் கொஞ்சலாம். எங்கள் செர்பிய மொழியில் அது நடக்காது. நீ வேறு, நீங்கள் வேறு. வுகாஷினும் நானும் பனிக்காலம் முழுக்க இணையத்தில், ஊரறிய, ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்கு நான் இன்னும் நீயா, இல்லை நீங்கள் ஆகிவிட்டேனா? அந்தப் பாழாய்ப்போன ‘யூ’வில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான்.

சண்டை எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். நோவி சாத் நகரில் ஒரே வீட்டில் குடியிருந்தபோது நாங்கள் இருவரும் எழுதிய மென்பொருள் நூலகம் ஒன்று இருக்கிறது. டான்யூப் ஆற்றின் கரை நெடுக உள்ள அளவுக் கம்பங்களின் நீர்மட்டத்தைப் படித்து ஒழுங்காக்கித் தரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலுக்குள் செருகிக்கொள்ளலாம். பிறகு வுகாஷினுக்கு வியன்னாவில் வேலை கிடைத்தது. அவன் போனான், நான் போகவில்லை. யார் பிழை என்று பேசிப் பேசி இருவருக்கும் வாய் ஓய்ந்தது. வீட்டைக் காலி செய்தோம், சோபாவை விற்றோம். நூலகம் மட்டும் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது.

நிரல் ஓடும்போது எங்கே என்ன நடந்தது, எங்கே இடறியது என்று அதுவே எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பெயர். எங்கள் நூலகத்தில் அந்த வேலைக்கு வுகாஷின் தன் கையாலேயே ஒன்று செய்து வைத்திருந்தான். பயன்படுத்துகிறவர்கள் முனகத் தொடங்கினார்கள்: எங்கள் நிரல் ஒரு பக்கம் எழுதுகிறது, உங்கள் நூலகம் இன்னொரு பக்கம் கத்துகிறது, தலைவலி தாங்கவில்லை. நியாயமான பேச்சுதான். அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். எல்லா வசதியும் உள்ள பெரிய லாக் சட்டகத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். இல்லாவிட்டால் மெல்லிசாக ஒன்று இருக்கிறது. அது தானாக எதையும் எழுதாது. நம் நூலகத்தைச் செருகிக்கொண்ட நிரல் எந்தச் சட்டகத்தை வைத்திருக்கிறதோ அதனிடம் சேதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வுகாஷின் மெல்லியதுதான் என்றான். விருந்துக்குப் போன வீட்டில் ரேடியோவைத் திருகக் கூடாது, கேட்டால் பேசு, கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு என்று எழுதினான். படித்த மாத்திரத்திலேயே அவன் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பெரிய சட்டகத்துக்கு வரிந்துகட்டிக்கொண்டு வக்காலத்து வாங்கினேன். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எனக்கு எழுத உலகத்தில் ஒரு காரணமும் கிடையாது.

வேகம் என்றேன். அவன் அளந்து காட்டி என் மூக்கை உடைத்தான். பழைய லாக் கோப்புகளைத் தானே கழிக்கும் என்றேன். விருந்தாளி எதற்கு வீட்டுக்காரரின் குப்பையைக் கொட்ட வேண்டும் என்றான். திட்டினாலும் பரவாயில்லை, எழுதினானே என்று இருக்கும். ஆற்றோரம் நடக்கும்போதெல்லாம், வியன்னாவில் அவன் கடக்கிற பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீர்தானே இது என்று தோன்றும். இப்படியெல்லாம் உருகுகிற ரகம் இல்லை நான். உருகினேன்.

ஏப்ரலில் என் சரக்கு தீர்ந்தது. பெரிய சட்டகத்தில் எச்சரிக்கை மஞ்சளாகவும் பிழை சிவப்பாகவும் வரும், பார்க்க அழகாக இருக்கும் என்று எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அனுப்பினேன். இந்தத் தடவை பதில் ஆங்கிலத்தில் வரவில்லை. செர்பிய மொழியில் இரண்டே சொல்: ‘நீங்கள் முடிவுசெய்யுங்கள்.’

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒருவரை மரியாதையாக எழுதும் ‘நீங்கள்’ எங்கள் மொழியில், ஆங்கிலத்தின் ‘கேப்பிட்டல்’ போல, பெரிய எழுத்தில் தொடங்கும். பல பேரைச் சொல்லும் ‘நீங்கள்’ சிறிய எழுத்தில் தொடங்கும். ஆனால் வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் பெரிய எழுத்துதான். பாவி, அதை முதல் சொல்லாக வைத்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் கரையோரக் கடையில் பொராவிடம் கைபேசியை நீட்டினேன். பொரா ஆற்று நிர்வாகத்தில் வேலை பார்ப்பவன். நூலகத்தைக் கொஞ்ச காலம் எங்களோடு சேர்ந்து பராமரித்துவிட்டு, இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் கழன்றுகொண்டவன். மீன் சூப்பிலிருந்து தலையை எடுக்காமலே படித்தான்.

“வாக்கியம் ஆரம்பிக்குதுல்ல, பெரிய எழுத்துதான் வரும். இதுல ஜோசியம் பார்க்க என்ன இருக்கு?”

“மரியாதையா, இல்ல எல்லாரையும் சேர்த்துச் சொல்றானா? அதைச் சொல்லு.”

“மரியாதைன்னா உன்னை மூணாம் மனுஷி ஆக்கிட்டான். எல்லாரையும்னா கூட்டத்துல ஒருத்தி ஆக்கிட்டான். ரெண்டுல எது இனிக்குதோ எடுத்துக்கோ. அந்த ரொட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளு.”

கேட்க வேண்டியவனைக் கேட்காமல் சூப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாயே என்றும் திட்டினான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே வெளியே போய், படித்துறையில் நின்று வுகாஷினைக் கூப்பிட்டேன். அவன் போன பிறகு நான் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

எடுத்தான். சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல், அந்த ‘நீங்கள்’ யார் என்று கேட்டேன். நூலகத்தைப் பராமரிக்கிறவர்களைச் சொன்னதாகவும், தான் விலகிக்கொள்ளப் போவதாகவும் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“பராமரிக்கிறவங்கன்னா யார் யாரு?”

“பொரா...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். மனத்துக்குள் ஒவ்வொரு பெயராகத் தேடுகிறான் என்று தெரிந்தது. “பொராவும் போயிட்டான்ல. அப்போ நீதான். நீ மட்டும்தான் இருக்கே, ஜகோதா.”

பனிக்காலம் முழுக்க நான் ஏங்கிக்கிடந்த சொல்லை ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லிவிட்டான். கூடவே ஒரு ‘மட்டும்’ ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லியதே இருக்கட்டும் என்று சொன்னேன்.

“நான் முதல்லேருந்து அதைத்தானே சொல்றேன்.”

“எனக்கும் முதல்லேருந்தே தெரியும். பேச்சு நின்னுடுமேன்னுதான் சண்டை போட்டேன்.”

அவனுக்குப் பின்னால் ஒரு ட்ராம் போகிற சத்தம் கேட்டது.

“மஞ்சள், சிவப்புன்னு நீ எழுதினப்பவே புரிஞ்சுது,” என்றான். “அதுக்கும் பதில் தேடிட்டு உட்கார்ந்திருந்தேன். பச்சையும் உண்டான்னு கேட்கலாமான்னு பார்த்தேன். அப்புறம் பயமா போச்சு. இப்படியே போனா நான் திரும்பி வந்துடுவேன், ஜகோ. அதான் நீங்கன்னு எழுதினேன்.”

பல பேரைச் சொல்லவில்லை. மரியாதையும் இல்லை. என்னைத்தான், என்னை ஒருத்தியைத்தான் சொல்லியிருக்கிறான்.

வா என்று சொல்ல வாயெடுத்தேன். ஒதுங்கிக்கொள்ளத்தான் அவ்வளவு பாடுபட்டு அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறான் என்று தோன்றியது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மெல்லியதைச் சேர்த்தேன், விவாதத்தை மூடினேன். மூடியதற்குக் காரணம் எழுதச் சொல்லித் திரையில் ஒரு கட்டம் வந்தது. பச்சை உண்டு என்று எங்கள் மொழியில் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்தேன்.